நாலாவது வருஷம் யாரு இருக்கப்போறா

போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணியிருந்தா. தெரிஞ்சவங்க மூலமா என் நம்பர் வாங்கியிருக்கா, கணக்குல டிகிரி முடிக்க இன்னும் ஆறு மாசம் இருக்காம். "அக்கா, எனக்கு வைல்ட்லைஃப்லதான் வேலை பாக்கணும், சின்ன வயசுலேருந்தே மிருகங்கன்னா உயிரு, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னா. ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். போனை வெச்சதுக்கப்புறம்தான் சொல்ல வேண்டியதுல பாதிய சொல்லவே இல்லைன்னு தோணுச்சு. இந்த பதினோரு வருஷத்துல இதே கேள்வியோட எவ்வளவோ பேர் வந்திருக்காங்க, அதுல சில பேர் இன்னைக்கு என்கூடவே வேலை பாக்கறாங்க, நிறைய பேர் விட்டுட்டு போயிட்டாங்க, போனவங்க யாரும் திறமை இல்லாம போகல. அதுதான் எனக்கு இன்னும் மனசுக்குள்ள அறுத்துக்கிட்டே இருக்கு. அதனால அவளுக்கு சொல்லாம விட்டதை இங்க எழுதிடறேன்.

மொதல்ல ஒண்ணு. மிருகத்தை நேர்ல பாக்கற நேரம் இந்த வேலையில ரொம்ப ரொம்ப கம்மி. நான் சேர்ந்த மொத ப்ராஜெக்ட் கேமரா ட்ராப் வேலை, அதாவது எதிர்ல ஏதாவது அசைஞ்சா தானா படமெடுக்கற கேமராவை காட்டுல கட்டி வெக்கறது. காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி கிளம்பி, ஒத்தையடிப் பாதையில ரெண்டு பக்கமும் எதிரும் புதிருமா ரெண்டு கேமரா கட்டணும். ஏன் ரெண்டுன்னா, புலியோட வரியோ சிறுத்தையோட புள்ளியோ இடது பக்கம் ஒரு மாதிரி இருக்கும், வலது பக்கம் வேற மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மட்டும் படம் கிடைச்சா அது எந்த புலின்னு உறுதியா சொல்ல முடியாது. கேமரா முழங்கால் உயரத்துல இருக்கணும், முன்னாடி இருக்கற புல்லையெல்லாம் வெட்டிடணும், வெட்டாம விட்டோம்னா காத்துல புல்லு ஆடறதையே ஆயிரக்கணக்குல படமெடுத்து கார்டை நிரப்பி வெச்சிருக்கும். எறும்பு உள்ள கூடு கட்டும், யானை புடுங்கி எறியும், மழை உள்ள இறங்கும். திரும்பி வந்து கார்டை எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொரு படமா பாத்து, இது மான், இது காட்டுப்பன்னி, இது வெறும் புல்லு, இது நம்ம காலுன்னு பேர் போடறதுல மாசக்கணக்கா போகும். இப்போ இதுல பாதிய மெஷின் லர்னிங் வெச்சு பிரிச்சிடலாம், அப்போ கண்ணாலதான். நான் அந்த வருஷம் முழுக்க நேர்ல பாத்த புலி ஒண்ணே ஒண்ணு, அதுவும் வாலும் பின்னங்காலும் மட்டும், புதருக்குள்ள போயிட்டு இருந்துச்சு.

இதை அவளை பயமுறுத்தறதுக்காக சொல்லல. மிருகம் பிடிக்கும்ங்கறது நல்ல ஆரம்பம்தான், ஆனா அது மட்டுமே கையில இருந்தா ஒரு மழைக்காலத்துக்கு மேல தாங்காது. வேற ஒரு ஆசை உள்ள வரணும். எனக்கு அது வந்தது "இல்லை"ங்கற ஒரு வார்த்தையிலேருந்து.

எங்க ட்ராக்கர் அண்ணன் ஒருத்தர் இருக்காரு, காட்டுல தடம் பாத்து வழி காட்டறவரு. அவரோட பேரை அனுமதி கேக்காம இங்க போட எனக்கு இஷ்டமில்ல, அண்ணன்னே சொல்றேன். ஒரு ஓடை ஓரமா நடந்துக்கிட்டு இருக்கும்போது சொன்னாரு, "இங்க நீர்நாய் உண்டும்மா." நான் டேட்டாவை பாத்துட்டு, "இல்லண்ணே, ஒரு வருஷமா கேமரா வெச்சிருக்கோம், ஒரு படம் கூட வரல, இல்லைன்னுதான் எழுதணும்"னேன். அவரு ஒண்ணும் வாக்குவாதம் பண்ணல. "உன் கேமரா பாக்கலைன்னு எழுது. இல்லைன்னு எழுதாத"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு.

அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு பெரிய விஷயம் இருக்குன்னு எனக்கு பின்னாடிதான் புரிஞ்சுது. ஒரு மிருகம் ஒரு இடத்துல உண்மையிலேயே இல்லாம இருக்கறது வேற, இருந்தும் நம்ம கண்ணுல படாம இருக்கறது வேற. இதை ரெண்டையும் பிரிக்கறதுக்குன்னே 2002-ல மெக்கென்சி அப்படிங்கறவரும் அவரோட சகாக்களும் ஒரு முறையை எழுதினாங்க, ஆக்குபன்சி மாடலிங்னு சொல்றோம். ஐடியா ரொம்ப எளிமை. ஒரே இடத்துக்கு பல தடவ போ, ஒவ்வொரு தடவையும் பாத்தியா பாக்கலையான்னு எழுது, அந்த பாத்தது பாக்காததோட வரிசையை வெச்சே ஒரு தடவ போனா கண்ணுல படறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்கு போடலாம். உதாரணத்துக்கு அந்த வாய்ப்பு 30 சதவீதம்னு வெச்சுக்குங்க. ஒரு தடவ போனா 70 சதவீதம் தவறிடும். அஞ்சு தடவ போனாலும் 0.7-ஐ அஞ்சு தடவ பெருக்கினா கிட்டத்தட்ட 0.17 வருது, அதாவது மிருகம் அங்கயே வாழ்ந்துக்கிட்டு இருந்தாலும் ஆறுல ஒரு தடவ நாம "பாக்கல"ன்னு எழுதிட்டு வருவோம். இதை கணக்குல எடுக்காம ஒரு ஊர்ல, ஒரு காட்டுல, ஒரு மிருகம் அழிஞ்சுடுச்சுன்னு எழுதிட்டா அந்த இடத்துக்கு பாதுகாப்பே இல்லாம போயிடலாம். இதை மொத தடவ கணக்கா போட்டு பாத்த ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்.

அதான் அவகிட்ட சொன்னேன், உன் கணக்கை விட்டுட்டு வராத, அதோட வா. காட்டுக்கு வர்ற பசங்கள்ல நிறைய பேர் கணக்குலேருந்து தப்பிக்கத்தான் இந்தப் பக்கம் வர்றாங்க, வந்த ரெண்டாவது மாசமே கணக்கு எதிர்ல நிக்குது. ஆர்னு ஒரு புள்ளியியல் மென்பொருள் இருக்கு, இலவசம், உலகம் முழுக்க எக்காலஜி பண்றவங்க அதுலதான் வேலை பாக்கறாங்க. மேப் போடறதுக்கு க்யூஜிஐஎஸ் இருக்கு, அதுவும் இலவசம். இந்த ரெண்டும் தெரிஞ்சு, சுத்தமா டேட்டா ஷீட் எழுதத் தெரிஞ்ச ஒருத்தரை எந்த டீமும் விடாது. அழகா போட்டோ எடுக்கத் தெரியும்ங்கறதை விட இது பத்து மடங்கு மதிப்பு. பழகறதுக்கு காட்டுக்குள்ள வேலை கிடைக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், பறவை பாக்கறவங்க பாத்ததை நெட்ல பதிவு பண்ண 2002-லேருந்து இபேர்ட் இருக்கு, அதே மாதிரி எந்த உயிரினத்துக்கும் ஐநேச்சுரலிஸ்ட் இருக்கு, அது 2008-ல சில மாணவர்கள் மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டா ஆரம்பிச்சதுதான். ஜன்னல்லேருந்து தெரியற ஒரே ஒரு மரத்தை தினமும் பத்து நிமிஷம் பாத்து, பாத்ததையும் பாக்காததையும் எழுதினாலே போதும், ஒரு வருஷத்துல உன் கையில உன்னோட சொந்த டேட்டா இருக்கும்.

இப்போ நான் உண்மையில சொல்ல வந்ததுக்கு வர்றேன். நிலைச்சு நிக்கறது.

இந்தத் துறையில நமக்கு ஏதாவது உருப்படியா தெரியும்னா அது யாரோ ஒருத்தர் ரொம்ப வருஷம் ஒரே இடத்துல உக்காந்ததாலதான். பசிபிக் கடல்ல இருக்கற காலாபகோஸ் தீவுகள்ல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு கணவன் மனைவி, 1973-ல அவங்க டீமோட அங்க போய் ஃபிஞ்ச் குருவிகளை புடிச்சு, கால்ல வளையம் போட்டு, அலகை அளந்து விட ஆரம்பிச்சாங்க. 73, 74, 75, 76, பெருசா ஒண்ணுமில்ல. 1977-ல கடுமையான வறட்சி வந்துச்சு. சின்ன விதையெல்லாம் தீந்து போய் பெரிய கெட்டி விதை மட்டும் மிஞ்ச, அதை உடைக்க முடிஞ்ச தடிச்ச அலகு குருவிகதான் பொழைச்சுது, பெரும்பாலான குருவிக செத்துப் போச்சு. அடுத்த தலைமுறை குஞ்சுகளோட அலகு சராசரியா பெருசாவே இருந்துச்சு. பரிணாமம் நடக்கறதை மனுஷங்க அளவுகோல் வெச்சு அளந்து பாத்துட்டாங்க. அதோட விடல, 1982-83-ல எல் நினோ மழை கொட்டி சின்ன விதை நிறைய விளைஞ்சப்போ திரும்ப சின்ன அலகு பக்கம் சாய்ஞ்சதையும் பாத்தாங்க. 40 வருஷம் போய்க்கிட்டே இருந்தாங்க. ஒரு சாதாரண ஆராய்ச்சிக்கு கிடைக்கற பணம் மூணு வருஷத்துக்குதான் வரும். கிராண்ட் தம்பதி மூணு வருஷத்துல மூட்டை கட்டியிருந்தா 1976-லயே வீட்டுக்கு வந்திருப்பாங்க, வறட்சி வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

இதை நெனைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஜேன் குடால் கதை எல்லாருக்கும் தெரியும், சிம்பன்சிகளை கவனிக்க 1960 ஜூலையில, இப்போ தான்சானியாவுல இருக்கற கோம்பே காட்டுக்கு போனப்போ வயசு 26, காலேஜ் டிகிரி கிடையாது, செக்ரட்டரி வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க. எல்லாரும் அந்த டிகிரி இல்லாததைத்தான் சொல்லுவாங்க, எனக்கு அதுல முக்கியமா படறது வேற. போன மொத சில மாசம் சிம்பன்சிக அவங்களைப் பாத்தாலே ஓடிடுச்சு. கையில இருந்த பணம் ஆறு மாசத்துக்குத்தான். நவம்பர்லதான் ஒரு சிம்பன்சி புல்லுத் தண்டை கரையான் புத்துக்குள்ள விட்டு கரையான் எடுத்து தின்னதை பாத்தாங்க, அந்த ஒரு கவனிப்பு வந்ததாலதான் அடுத்து பணம் வந்துச்சு. மூணு மாசத்துக்குத்தான் பணம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் கார்ல் ஜோன்ஸ். மொரிஷியஸ் தீவுல கெஸ்ட்ரல்னு ஒரு சின்ன வல்லூறு இனம், 1974-ல காட்டுல தெரிஞ்சது வெறும் நாலே நாலு. உலகத்துலயே ரொம்ப அரிதான பறவைன்னு பேரு. ஜோன்ஸ் 1979-ல அங்க போனப்போ அவருக்கு இருபதுகள்ல வயசு, நம்பிக்கையில்லாத திட்டம், மெதுவா மூடிட்டு வான்னுதான் அனுப்பினாங்க. அவரு மூடல. கூட்டுலேருந்து மொத ஈடு முட்டையை எடுத்து செயற்கையா அடை வெச்சாரு, முட்டை போயிடுச்சுன்னு தாய்ப்பறவை இன்னொரு ஈடு போட்டுச்சு, கூட தீனி வெச்சாரு, கூடு கட்ட பொட்டி வெச்சாரு. இன்னைக்கு அந்தப் பறவை சில நூறு இருக்கு. அவரு அந்தத் தீவுல நாப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்தாரு, மிருகங்களை காப்பாத்தறவங்களுக்கு குடுக்கற இண்டியானாபொலிஸ் பரிசை 2016-ல குடுத்தாங்க. அதே தீவுல ரோஸ் புறா, கிளின்னு ஒவ்வொண்ணா மீட்டெடுத்ததும் அவரும் அவர் டீமும்தான்.

சரி, இதையெல்லாம் சொல்லி எல்லாரும் இப்படி நில்லுங்கன்னு சொல்லிட்டு போயிடலாம். ஆனா யாரால நிக்க முடியுதுன்னு கேக்கணும்ல.

நான் சேர்ந்த மொத இடத்துல எட்டு மாசம் எனக்கு சம்பளம் கிடையாது. தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, "அனுபவம் கிடைக்குதுல்ல"ன்னு ஒரு வார்த்தை. என்கூட சேர்ந்தவங்க நாலு பேர். அதுல ஒருத்தன் மாதிரி கால்தடம் படிக்கிறவனை நான் இன்னைக்கு வரைக்கும் பாக்கல, ஈர மண்ணுல ஒரு தடத்தைப் பாத்துட்டு இது ஓடுனதா நடந்ததான்னு சொல்லுவான், அடுத்த அடி எங்க விழுந்திருக்கும்னு சருகை ஒதுக்கிக் காட்டுவான். வீட்டுக்கு பணம் அனுப்ப வேண்டிய நிலைமை அவனுக்கு. அஞ்சாவது மாசம் ஒரு டெலிவரி கம்பெனியில வேலைக்கு போயிட்டான். போற அன்னைக்கு அவனோட ஃபீல்ட் நோட்டை என்கிட்ட குடுத்துட்டு, "நீ வெச்சுக்கோ, நீ இருப்பே"ன்னான். நான் இருந்தேன், ஏன்னா என் வீட்டுல என் சம்பளத்தை யாரும் எதிர்பாக்கல. அவனுக்கும் எனக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அது ஒண்ணுதான். வித்தியாசம் திறமையிலயும் இல்ல, ஆர்வத்துலயும் இல்ல.

2015-ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வைல்ட்லைஃப் துறையோட ஒரு ஜர்னல்லயே இதை நேரா எழுதினாங்க, சம்பளமில்லாத ஃபீல்ட் வேலை இந்தத் துறைக்கே கெடுதல்னு. படிச்சப்போ எனக்கு அந்தப் பையன் மொகம்தான் வந்துச்சு. காசு இருக்கறவங்க மட்டும் நிக்க முடியற துறையில, காட்டு ஓரத்துல வளந்தவன், மாடு மேய்க்கப் போய் வழி தெரிஞ்சவன், ஒரு மிருகத்தால நஷ்டம் வந்தா என்ன வலின்னு தெரிஞ்சவன், இவங்கதான் மொதல்ல வெளிய போறாங்க. அப்புறம் நாம உக்காந்து உள்ளூர் மக்கள் ஏன் ஒத்துழைக்கலைன்னு மீட்டிங் போடறோம். எனக்கு இதுல சமாதானமே கிடையாது. என் டீம்ல இப்போ ஒரு விதி வெச்சிருக்கேன், ரெண்டு வாரமா இருந்தாலும் காசு குடுக்காம யாரையும் வேலை வாங்கறதில்ல, காசு இல்லைன்னா அந்த வேலையை சின்னதாக்கிடுவோம், அஞ்சு இடத்துல கேமரா வெக்கறதை மூணு இடத்துல வெப்போம். புதுசா வர்றவங்களுக்கும் இதைத்தான் சொல்றேன், ஒரு வாரம் பத்து நாள் கத்துக்கப் போறது வேற, ஆறு மாசம் ஒருத்தரோட ப்ராஜெக்டை உன் முதுகுல தூக்கறது வேற. ரெண்டாவதுக்கு சம்பளம் கேளு. கேக்கறது தப்பில்ல, கேட்டா ஆர்வம் இல்லாதவன்னு நெனைப்பாங்களோன்னு பயப்படாத.

அண்ணன் மாதிரி ஆளுங்க கதை இன்னும் மோசம். இருபது வருஷம் காட்டுல நடந்து, எந்த ஓடையில எந்த மாசம் தண்ணி வத்தும்னு சொல்ற மனுஷனோட பேரு, கட்டுரையோட கடைசியில நன்றி சொல்ற வரியில கூட சில சமயம் வராது. இதை வேற மாதிரி பண்ணலாம்னு காட்டினவங்க இருக்காங்க. கோஸ்டாரிகாவுல டேனியல் ஜான்ஸென், வின்னி ஹால்வாக்ஸ்னு ரெண்டு உயிரியலாளர்கள் 1980-களோட கடைசியிலேருந்து கிராமத்து ஆளுங்களை முழு நேர சம்பளத்துக்கு எடுத்து, பயிற்சி குடுத்து, பாராடாக்ஸானமிஸ்ட்னு அதை ஒரு தொழிலாவே ஆக்கினாங்க. புழுவை வளத்து எந்த பட்டாம்பூச்சி, எந்த அந்துப்பூச்சி, எந்த ஒட்டுண்ணி குளவி வருதுன்னு பதிவு பண்றவங்க அவங்கதான், அங்க கண்டுபுடிச்ச புது இனங்களுக்கு பின்னாடி அவங்க உழைப்புதான் இருக்கு. தென்னாப்பிரிக்காவுல லூயி லீபன்பர்க் 1990-கள்ல சைபர்டிராக்கர்னு ஒரு மென்பொருள் செஞ்சாரு, எழுதப் படிக்கத் தெரியாத ட்ராக்கர் கூட படத்தை தொட்டு தொட்டு பதிவு பண்ணலாம். எழுத்து தெரியாததால அறிவு இல்லைன்னு ஆயிடாதுங்கறதை ஒரு ஆப்புக்குள்ள வெச்சுட்டாரு மனுஷன். நான் அடுத்து எழுதற கட்டுரையில அண்ணன் பேரு ஆசிரியர் வரிசையில வரும், அவர்கிட்ட கேட்டாச்சு, சரின்னுட்டாரு.

பயாலஜி படிக்கலையே அக்கான்னு அவ ரெண்டு மூணு தடவ கேட்டா. இதுக்கு எனக்கு ஒரு பட்டியலே மனசுல இருக்கு. உல்லாஸ் கரந்த் இஞ்சினியரிங் படிச்சவரு, விவசாயம் பாத்தவரு, அப்புறம்தான் புலி ஆராய்ச்சிக்கு வந்தாரு, வரியை வெச்சு ஒவ்வொரு புலியா அடையாளம் கண்டு எண்ணிக்கை கணிக்கற முறையை கேமரா ட்ராப்போட சேத்து 1995-ல வெளியிட்டவரு. அந்த எதிரும் புதிருமா கேமரா கட்டற வேலை எல்லாம் அங்கேருந்து வந்ததுதான். சிந்தியா மாஸ் பத்திரிகையில வேலை பாத்தவங்க, 1972-ல கென்யாவோட அம்போசெலியில யானை ஆராய்ச்சியை ஆரம்பிச்சாங்க, அங்க யானைகளை குடும்பம் குடும்பமா பேரு வெச்சு இன்னும் கவனிச்சுக்கிட்டு இருக்காங்க. கேட்டி பெய்ன் காலேஜ்ல சங்கீதம் படிச்சவங்க. 1984-ல ஒரு மிருகக்காட்சி சாலையில யானைக கூண்டுக்கு பக்கத்துல நின்னப்போ காத்துல ஏதோ அதிர்ற மாதிரி உணர்ந்தாங்க, சின்ன வயசுல சர்ச்ல பெரிய ஆர்கன் குழாய்க்கு பக்கத்துல நின்னு பாடினப்போ இருந்த அதே அதிர்வு. அப்படித்தான் யானைக நம்ம காதுக்கு கேக்காத தாழ்ந்த ஒலியில பேசிக்குதுன்னு வெளிய வந்துச்சு. சங்கீதம் படிக்காத ஒருத்தர் அந்த இடத்துல நின்னிருந்தா, லேசா தலை சுத்துதுன்னு நகர்ந்து போயிருப்பாங்க.

பிணந்தின்னிக் கழுகு விஷயம் இன்னும் பெருசு. தெற்காசியாவுல 1990-கள்ல கோடிக்கணக்குல இருந்த கழுகுக மடமடன்னு சரிஞ்சுது, சில இனம் 95 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு, ஏன்னு யாருக்கும் தெரியல, ஏதோ வைரஸ்னு எல்லாரும் தேடினாங்க. லிண்ட்சே ஓக்ஸ்னு ஒரு கால்நடை மருத்துவர், செத்த கழுகுகளை அறுத்து பாத்தா உள்ளுறுப்பு மேலெல்லாம் வெள்ளையா யூரிக் அமிலம் படிஞ்சு கிடக்கு, கிட்னி போயிருக்கு. வைரஸ், பாக்டீரியா, பூச்சி மருந்து எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. அப்புறம் அவங்க டீம் கால்நடை டாக்டருங்ககிட்டயும் மருந்துக்கடைகள்லயும் போய் மாட்டுக்கு என்னென்ன மருந்து குடுக்கறாங்கன்னு கேட்டாங்க. டைக்ளோஃபெனாக், சாதாரண வலி மருந்து. அந்த மருந்து குடுத்த மாடு செத்து, அதை தின்ன கழுகு செத்திருக்கு. 2004-ல வெளியாச்சு, 2006-ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளத்துல மாட்டுக்கு அதை குடுக்கத் தடை வந்துச்சு. பைனாகுலரோட மலை மேல உக்காந்திருந்தா இது கிடைச்சிருக்குமா? பிரேதப் பரிசோதனை தெரிஞ்ச ஆளு, மருந்துக்கடையில பொறுமையா விசாரிக்கத் தெரிஞ்ச ஆளு, அப்புறம் தடை வாங்கித் தர்ற அளவுக்கு அரசாங்கத்தோட பேசத் தெரிஞ்ச ஆளு, மூணு பேரும் வேணும்.

அந்த பேசத் தெரியறதுங்கறதை எந்தப் படிப்புலயும் சரியா சொல்லித் தர்றதில்ல. அஸ்ஸாம்ல பூர்ணிமா தேவி பர்மன், பெருநாரை பத்தி பிஎச்டி பண்ணிக்கிட்டு இருந்தவங்க, 2007-ல ஒருத்தர் கூடுக இருக்கற மரத்தை வெட்டி, குஞ்சுகளோட சாய்ச்சதைப் பாத்தாங்க. அந்த நாரை அங்க அழுக்கு, அபசகுனம். வெட்டாதீங்கன்னு சொன்னப்போ அவங்களையே திட்டி அனுப்பினாங்க. பிஎச்டியை தள்ளி வெச்சுட்டு கிராமத்துப் பொண்ணுங்களோட உக்காந்தாங்க, பண்டிகை, பாட்டு, கர்ப்பமா இருக்கற பொண்ணுக்கு பண்ற சடங்கை நாரைக்கும் பண்றதுன்னு அந்தப் பறவையை வீட்டுப் பொண்ணா ஆக்கிட்டாங்க. தறியில நாரை படம் நெய்யற வருமானமும் வந்துச்சு. 2022-ல ஐநாவோட பூமியின் சாம்பியன் விருது வாங்கினாங்க. பிஎச்டியை 2019-லதான் முடிச்சாங்க, அந்த பன்னெண்டு வருஷம் வீணா போச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா.

ஒண்ணை மறைக்காம சொல்லணும், குறிப்பா பொண்ணுங்களுக்கு. ஃபீல்ட் வேலை பாக்கற விஞ்ஞானிகள்கிட்ட எடுத்த ஒரு சர்வே 2014-ல வெளியாச்சு, 666 பேர் பதில் சொன்னாங்க, அதுல 64 சதவீதம் பேர் ஃபீல்ட்ல பாலியல் சீண்டலை அனுபவிச்சிருக்காங்க, 20 சதவீதத்துக்கு மேல பாலியல் தாக்குதலையே. அதுல பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் தொல்லை குடுத்தது டீம்ல அவங்களுக்கு மேல இருந்தவங்கதான். யானையையும் பாம்பையும் நெனைச்சு வீட்டுல பயப்படறாங்க, பயப்பட வேண்டியது அது மட்டும் இல்ல. அதனால ஒரு ப்ராஜெக்ட்ல சேரறதுக்கு முன்னாடி கேளு, பிரச்சினைன்னா நான் யார்கிட்ட சொல்லணும், அந்த ஆள் என்னோட மேலதிகாரியே இல்லாம வேற ஒருத்தரா இருப்பாரா, சிக்னல் இல்லாத இடத்துல எதுல பேசறது, அடிபட்டா செலவு யாரு பாக்கறா, தனியா அனுப்புவீங்களா. முன்னாடி அங்க வேலை பாத்துட்டு போனவங்களைத் தேடிப் புடிச்சு பேசு. இந்தக் கேள்விக்கு கோவப்படற இடத்துக்கு போகாத, எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும்.

காட்டைக் காவல் காக்கற ரேஞ்சர் வேலைக்கு போக ஆசைப்படறவங்க அந்த வேலையோட கனத்தையும் தெரிஞ்சுக்கணும். 2020 ஏப்ரல்ல காங்கோவோட விருங்கா பூங்காவுல ஒரே தாக்குதல்ல 12 ரேஞ்சர்களை கொன்னுட்டாங்க. 2022-ல வந்த ஒரு கணக்குப்படி உலகம் முழுக்க பாதுகாக்கப்பட்ட இடங்கள்ல இருக்கற ரேஞ்சர்க கிட்டத்தட்ட 2,86,000 பேர், பூமியில 30 சதவீதத்தை 2030-க்குள்ள காப்பாத்தறோம்னு நாடுக ஒத்துக்கிட்டிருக்கே, அதுக்கு 15 லட்சத்துக்கு மேல வேணுமாம். ஆள் வேணும், அந்த ஆளுக்கு சம்பளமும் ஷூவும் இன்சூரன்ஸும் வேணும்.

மனசு உடையற நாளும் வரும். 2016-ல ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ங்கற பவளத்திட்டு மேல விமானத்துல பறந்து, கடல் சூடானதால வெளுத்துப் போன பவளத்தை கணக்கெடுத்த டெர்ரி ஹியூஸ், அந்த முடிவை மாணவர்களுக்கு காட்டிட்டு எல்லாரும் அழுதோம்னு வெளிப்படையாவே எழுதினாரு. அவ்வளவு பெரிய விஞ்ஞானி அழுதேன்னு சொன்னது எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு. மைக்கேல் சோலேங்கற உயிரியலாளர் 1985-லயே இந்தத் துறையை நெருக்கடித் துறைன்னு எழுதியிருக்காரு, எல்லா உண்மையும் கையில வர்றதுக்கு முன்னாடியே முடிவெடுக்க வேண்டியிருக்கும்னு. நான் ஒரு இடத்தைப் பத்தி ரெண்டு வருஷம் எழுதின ரிப்போர்ட் யாரும் படிக்காமயே அங்க ரோடு போயிடுச்சு, அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் காட்டுப் பக்கமே போகல. திரும்ப வந்தது டீம்ல இருந்தவங்க தினமும் ஒரு போன் பண்ணினதாலதான்.

அந்தப் பொண்ணு அடுத்த மாசம் ரெண்டு வாரம் எங்களோட வர்றா, காசு ஒதுக்கியாச்சு. ஓடை ஓரமா இருக்கற கேமரா ஸ்டேஷனை அவகிட்ட குடுக்கப்போறேன், இது அங்க நாலாவது வருஷம், நீர்நாய் படம் இதுவரைக்கும் ஒண்ணு கூட இல்ல, ப்ராஜெக்ட் பணம் இன்னும் அஞ்சு மாசத்துக்குத்தான் வரும். முந்தாநேத்து அண்ணன் என்னை கூட்டிட்டு போய் ஓடை நடுவுல ஒரு பாறையைக் காட்டினாரு. பாறை மேல காஞ்ச எச்சம், குச்சியால பிரிச்சு பாத்தா மீன் செதிலும் நண்டு ஓடும். அவரு ஒண்ணுமே சொல்லல, பாத்துக்கிட்டு நின்னாரு. நான் கையுறை போட்டு ட்யூப்ல எடுத்து, தேதியும் ஜிபிஎஸ்ஸும் எழுதி, டிஎன்ஏ பாக்க லேபுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகுமாம். இனம்ங்கற கட்டத்துல இப்போதைக்கு "உறுதியாகல"ன்னு எழுதியிருக்கேன்.